ஒரு மாத்திரை

ஹவ்ரானெக் என்றால் அவர்கள் பாஷையில்
அண்டங்காக்கைக் குஞ்சாம். அவரே சொன்னார்.
அன்றிலிருந்து சூலியா தெருவுக்கு அவர் காக்கா துரை.
மரைக்காயர் வீட்டுப் பையன்களுக்குச் சிரமமே இல்லை,
அண்ணனையும் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் சப்பாத்துக் கடைக் கிராணி.
வந்தது, போனது, இருப்பது. அவ்வளவுதான் என் வேலை.
கித்தாக் காட்டில் நம் ஆட்கள் வெட்டிய பால்
கப்பலேறிச் செக் தேசம் போய்
அடிப்பாகமாகித் திரும்பி வந்தது.
ஜோடி ஒரு வெள்ளி இருபது காசு.

துரைக்கும் ஒரு பேரேடு இருந்தது.
கையகல நோட்டு, வியர்வையில் உப்பிய அட்டை.
எழுத்து புரியாது. எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே.
1908, பிராக். அப்போது வயது பத்தொன்பது. மூன்று.
அடுத்த ஞாயிறு பூஜ்யம், அதன் கீழே இரண்டு கோடு.
வியன்னாவில் ஏழு.
மூடுபனி, என்று சொல்ல
பாசார் மலாயில் வார்த்தை தேடிக் கிடைக்காமல்
சிகரெட்டை இழுத்து என் முகத்தில் ஊதிக் காட்டினார்.
பதினான்கிலிருந்து பதினெட்டு வரை பக்கங்கள் வெறுமை.
இடது மோதிர விரலை
அந்தப் பக்கங்களில்தான் எங்கோ விட்டிருக்கிறார்.
பிறகும் இரண்டு வருஷம் நின்றார்,
கையுறையின் காலி விரலில் பஞ்சடைத்து.

எல்லாமே உள்ளே போனதன் கணக்கு.
தடுத்தது எத்தனை என்று கேட்டேன்.
வராத சரக்கை நீ எழுதுவாயா, என்றார்.

சனிக்கிழமை கூலி நாள்.
தொங்காங்கில் மூட்டை இறக்குகிறவர்கள்
வாசலோடு நின்று உள்ளே பார்ப்பார்கள்.
துரை ஸ்டூலைத் தட்டிக் காட்டுவார். முட்டி போடுவார்.
இருளாண்டியின் வலது காலைத் தூக்கித்
தன் தொடைமேல் வைத்துக்கொண்டபோது
எதிர்ச் சாரிச் செட்டியார் பெட்டியை மூட மறந்தார்.
இருளாண்டி காலை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.
ஒன்பது விரலானாலும் பிடித்தால் விடாத பிடி.

பந்தைப் பார்க்கிறவன் தோற்பான், என்றார் அளந்துகொண்டே.
அங்கே எல்லாம் பூட்ஸ், கணுக்காலைப் பார்த்தேன்.
இங்கே வெறுங்கால்.
கட்டைவிரல் முதலில் திரும்பும், பந்து அப்புறம்.
விரித்து வைத்த புத்தகம்.

பாடாங்கில் மாலை ஐந்தரை.
கடைக்காரர்கள் நாங்கள், எதிரே தொங்காங் ஆட்கள்.
நான் ரைட் பேக், பேருக்கு.
துரைக்கு நாற்பத்தைந்து. அந்த வெக்கையிலும் கம்பளித் தொப்பி.
சேகு நெய்னா நான்கு முறை உதைத்தான்.
நான்கும் அவர் நெஞ்சில் போய் அடைந்தன,
பொழுது சாய்ந்து கூடு திரும்புகிறவை போல.
காக்கா, காக்கா என்று கரையெல்லாம் கூச்சல்.
எது பறவை, எது அண்ணன்,
எது காக்கச் சொல்லும் கெஞ்சல், பிரிக்க முடியவில்லை.
காக்க. காக்கா.
ஒரு மாத்திரைதான் நடுவில்.
கண் இமைக்கும் நேரம் என்று
பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

ஆட்டம் முடியப் போகும்போது பந்து ஒரு கையில் பட்டது.
என் கை. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

பெனால்டிக்கு இருளாண்டி நடந்து வந்தான்,
வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தில், பத்தாம் அளவு.
துரை குனிந்து பார்த்தார்.
விரல் இருக்க வேண்டிய இடத்தில்
சனிக்கிழமை தான் கட்டிவிட்ட நாடா,
தான் போட்ட முடிச்சு.
இமைத்தார்.

திங்கள் காலை கடை திறந்ததும் நோட்டை எடுத்தார்.
பதினான்கு வருஷத்துக்குப் பிறகு ஒரு வரி.
பினாங்கு. ஒன்று.
என் பேரேட்டிலும்
அந்த ஜோடிக்கு நேரே ஒன்று என்றுதான் இருந்தது.

மத்தியானம் துறைமுகத்திலிருந்து
இருளாண்டியைக் கையோடு கூட்டிவந்து உட்காரவைத்து
நாடாவைத் தானே அவிழ்த்து
எந்தப் பக்கம் திரும்பியது, காட்டு, என்கிறார்.
இருளாண்டி கட்டைவிரலை
உள்ளே மடக்கிக்கொண்டு சிரிக்கிறான்.